கட்டிப்பிடித்ததும் ஓடிவிட்டான்

மனவளர்ச்சி குன்றிய என் தம்பியை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். ஒரு ஊரில் நிலையாகத் தங்காத நான், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வதைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். சில படங்களில் அப்படிப்பட்டவனை அறையில் பூட்டுவார்கள். சிலவற்றில் கட்டிப்பிடித்தால் அடங்கிவிடுவான்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது தம்பியைக் காளவாசல் சந்திப்புக்குக் கூட்டிப்போனேன். அங்கே பஸ் ஹாரன் கேட்டு அலறினான். பூட்டுகிற ஆள் நானில்லை என்று இறுகக் கட்டிப்பிடித்தேன். திமிறிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினான். ஒரு ஆட்டோ அவன் முழங்காலை உரசி நின்றது.

"ஏண்ணே, புடிச்சுக்கிற மாட்டீகளா?" என்று டிரைவர் கத்தினார். பிடித்ததால்தான் ஓடினான்.

வீட்டில் அக்கா பொரிந்தாள். "பயந்தா தொடவே கூடாதுடா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? துண்டோட ஒரு முனைய அவன் கையில குடு, மறுமுனைய நீ புடிச்சுக்க, அவனே வருவான்."

இப்போது அப்படித்தான் போகிறோம். ஹாரன் அடித்தால் ஓரமாக நின்று, அவன் காதிலிருந்து கையை எடுக்கும்வரை காத்திருக்கிறேன். ஒரே இடத்தில் அப்படி நிற்பதுதான் எனக்குக் கஷ்டம்.