எல்லாரும் இரிக்கூ

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்காக இருந்த கூடத்தில் இப்போது யோகா வகுப்பு நடக்கிறது. சுவரில் இன்னும் சுக்கு மணக்கிறது. எனக்குள் இருப்பது உங்களுக்குள் இருப்பதை வணங்குகிறது, அதுதான் நமஸ்தே என்று ஆசிரியை கண்களை மூடியபடி சொன்னார்.

இந்த மணம் ஜன்னல் வழியே வந்துகொண்டேயிருந்த, இன்று இல்லாத பக்கத்துப் பள்ளியில், பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்குப் போய்விட, மூன்றாம் வகுப்பில் நான் மட்டும் மிஞ்சிய வருடம், மழை ஓட்டில் இரைய, முன்பு வகுப்பே சேர்ந்து பாடிய ராகத்தில் "நமஸ்தே... டீச்சர்" என்று தனியாக இழுப்பேன். டீச்சர் என்னையே பார்த்துக் கைகூப்பி, "எல்லாரும் இரிக்கூ" என்பார். எல்லாரும் உட்காருவேன்.

இன்று வகுப்பு முடிந்து மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். யாராவது உட்காரச் சொல்லட்டும் என்று கூப்பிய கையோடு நின்றிருந்தேன்.