கீரை, கிழங்கு

அரைக்கீரையைப் பிடி பிடியாக முகர்ந்து பார்த்துத்தான் தட்சிணாமூர்த்தி சட்டியில் போடுவார். வாடியது இருந்தாலும் ஒதுக்கமாட்டார். முகர்ந்துவிட்டு அதையும் போட்டுவிடுவார். பிறகு எதற்கு முகர்வது என்று கேட்டால், "ஒரு செக்கிங்தான்" என்பார். சிதம்பரத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். உறையைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட வெளியே விட்டதில்லை.

சமையலிலும் கடைப் பேச்சுதான். குழம்பு நீர்த்திருந்தால் "இன்னும் செட் ஆவல". குக்கரில் ஆவி கசிந்தால் "வாஷருக்கு வயசாயிடுச்சு, நம்மள மாதிரி". கேட்க ஆளில்லாததால் பேச்சு குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது. தனியாக இருப்பவர் தனக்குள் பேசினால் மற்றவர்கள் அதை நோய் என்கிறார்கள். அது பெரும்பாலும், பதில் வந்துகொண்டிருந்த காலத்தின் மிச்சம்.

அவர் மனைவி பவானி, மகள் அருள்மொழியின் பிரசவத்துக்காகத் தாம்பரம் போனவர். மூன்று மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. பிறந்த பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இடையில் வந்ததெல்லாம் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு ராத்திரித் தங்கல்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மூட்டை முடிச்சோடு வந்துவிடுவதாகவும், இனி இங்கேதான் என்றும் சொல்லியிருந்தார்.

தட்சிணாமூர்த்தியின் சமையலை நல்ல சமையல் என்று சொல்ல முடியாது. உப்பு கையை மீறும். இஞ்சி நசுங்காமல் பல்லில் தட்டுப்படும். அன்று மட்டும் எல்லாவற்றிலும் நிதானம். ஆட்டுக்கறியை நெஞ்செலும்பாகக் கேட்டு வாங்கினார். உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் கறியோடு போட்டார். பவானி எப்போதும் கறியை இவர் தட்டில் தள்ளிவிட்டுக் கிழங்கை எடுத்துக்கொள்வார். அத்தனை வருடமும் இவர் அதைத் தியாகம் என்று நினைத்திருந்தார். பவானிக்குக் கிழங்குதான் பிடிக்கும் என்பது, தனியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இவருக்கு உறைத்தது.

கீரையைக் கடைந்து, குழம்பை இறக்கி, பக்கத்து வீட்டு எழிலரசிக்கு ஒரு கிண்ணம் கறிக்குழம்பு கொண்டுபோனார். அவள் வாங்கக் கை நீட்டவில்லை.

"அண்ணே, இன்னைக்கு கிருத்திகை. அண்ணி வராங்கன்னு சொன்னீங்க, அவுங்களுக்கு விரதமாச்சே."

காலண்டர் தாளைக் கிழிப்பது பவானியின் வேலை. அந்த வீட்டில் அதற்கு வேறு ஆளில்லை. கிருத்திகையன்று அவர் முருகனுக்கு விளக்கேற்றி ஒரு வேளைதான் சாப்பிடுவார். அடுப்படிக்குள் கறி வாசம் வரக்கூடாது. தட்சிணாமூர்த்தி கிண்ணத்தோடு திரும்பி வந்து, சட்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைப்பதா, வீட்டைக் கழுவிவிடுவதா என்று புரியாமல் நின்றார். அப்போது போன் அடித்தது. பவானிதான், வீடியோவில். போனை வெங்காயக் கூடையில் சாய்த்து வைத்தார்.

காலையிலேயே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வரைக்கும் வந்தாயிற்றாம், இன்னும் பஸ் ஏறவில்லையாம். வழியனுப்ப வந்த பேரன் முந்தானையை விடமாட்டேன் என்கிறானாம். அரையாண்டு லீவு வரைக்கும் இரும்மா என்று அருள்மொழியும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்ன சமையல் என்று கேட்டார் பவானி.

"கீரை, கெழங்கு."

"எங்க, காட்டுங்க."

தட்சிணாமூர்த்தி போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். குழம்பிலிருந்து கிழங்கை மட்டும் கரண்டியால் அரித்தெடுத்து, கீரைக்குப் பக்கத்தில் வைத்து, தட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னாங்க, கறிக்கொழம்பு கலரா இருக்கு?"

"மொளகாத்தூள் ஜாஸ்தியாயிடுச்சு."

பவானி சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார். "நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த பஸ்ஸுல ஏறிடுறேன்."

பவானிக்குப் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. "ஆயா, ஆயா" என்று பேரன் இழுப்பது கேட்டது. தட்சிணாமூர்த்தி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே எழுத்து.

"எனக்கென்னா. கடைக்கி போறேன், வரேன். நீ புள்ளய பாரு."

"அப்ப சாப்புடுங்க. ஆறிடப் போவுது."

பேரனின் விரல் பட்டதோ என்னவோ, பேச்சு அறுந்து திரை இருண்டது. அவர் தட்டை இறக்கவில்லை. சன்னல் வெளிச்சம் கிழங்கின்மேல் விழும்படி, இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.