நாலேகால் மணிக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர்

எங்கள் கடையில் கேமரா பிடிப்பது என் வீட்டுக்காரர். வெட்டி ஒட்டுவது நான். கடை சீர்காழியில், பிழைப்பு பெரும்பாலும் திருக்கடையூரில். அங்கே அறுபதாம் கல்யாணம் நடக்காத நாளே கிடையாது. ஒரே பிரகாரத்தில் பத்து ஜோடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பத்து ஹோமப் புகையும் ஒன்றாகக் கலக்கும். எந்தக் கெட்டிமேளம் யாருக்கு என்று தாலி கட்டுகிறவருக்கே சந்தேகம் வரும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு குடும்பத்தைப் பிரித்தெடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

எடிட்டிங் மென்பொருளுக்கு ஊரே வைத்திருந்த திருட்டு நகலைத்தான் முதலில் நாங்களும் வைத்திருந்தோம். அதோடு கூடவே வந்த வைரஸ் ஒருநாள் இரண்டு கல்யாணத்தையும் ஒரு காதுகுத்தையும் விழுங்கிவிட்டது. குத்திய காதைத் திரும்பவும் குத்த முடியுமா? அந்தக் குழந்தையின் தாய்மாமன் கடை வாசலில் நின்று பேசியதை எழுதினால் அச்சில் வராது. அதற்குப் பிறகுதான் ஓப்பன் சோர்ஸ் பக்கம் போனேன். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போன மென்பொருள்கள். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆறு மாதம் அதோடு சண்டை போட்டேன். கடைசியில் மூன்று மணி நேர வீடியோவை, வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் பார்க்கும் அளவுக்கு, ஒரே வரியில் சுருக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இணையத்தில் ஒரு பக்கம் போட்டு வீடியோவை அதில் ஏற்றிக் கொடுத்தோம். அந்தப் பக்கத்தை எந்த நாட்டிலிருந்து, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று கணக்கெடுத்துச் சொல்கிற மென்பொருளும் இலவசமாகக் கிடைத்தது. அதையும் நிறுவினேன். "உங்க தங்கச்சி துபாயிலேருந்து மூணு தடவ பாத்திருக்காங்க" என்று நான் சொன்னால் வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஏறியது என்று சொல்வதில் வெட்கமில்லை. அதன் பிறகு நடந்ததில்தான் வெட்கம்.

அந்த அம்மா சித்திரை மாதம் எங்களிடம் வந்தார். பக்கத்து ஊரில் நஞ்சை வைத்திருக்கும் குடும்பம். ஒரே மகன். ஜெர்மனிக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை பார்த்து, கேட்காமல் கொள்ளாமல் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். அப்பா போனில், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினார். அப்பா சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். நம்பரை மாற்றிவிட்டான். நாலு வருஷமாக ஒரு பேச்சு இல்லை. அவனோடு படித்தவர்களுக்கும் விவரம் தெரியவில்லை. அவர்களிடம் மிச்சமிருந்தது ஒரு பழைய மின்னஞ்சல் முகவரி மட்டும்தான்.

அறுபதாம் கல்யாணத்தில் கலச நீர் ஊற்றும்போது குருக்கள், "மூத்த புள்ள வாங்க" என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. அந்த அம்மா தலையைத் திருப்பி மண்டப வாசலைப் பார்த்தார். பிறகு அவருடைய கொழுந்தன் மகன் குடத்தை வாங்கி ஊற்றினான். எடிட்டிங்கில் அந்த இடத்தை வெட்டிவிடவா என்று கேட்டேன்.

"வேணாம்மா. இருக்கட்டும். அவன் பாக்கட்டும்" என்றார்.

வெட்டவில்லை. பக்கத்தை ஏற்றி, சுட்டியை அந்தப் பழைய முகவரிக்கு நானே அனுப்பினேன். பதில் இல்லை. ஆனால் நாலாம் நாள் பார்த்தவர்கள் கணக்கைத் திறந்தால் ஜெர்மனியிலிருந்து ஒருவர் பக்கத்தைப் பார்த்திருந்தார். மாலை நாலேகாலுக்கு. மறுநாளும் நாலேகாலுக்கு. அதற்கு மறுநாளும். உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நிச்சயமா அவந்தானாம்மா?"

"ஜெர்மனியில உங்களுக்கு வேற யாரு இருக்கா? நூத்துக்கு நூறு அவர்தான்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நானாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை.

அங்கே அப்போது என்ன மணி என்று கேட்டார். முக்கால் மணி குறைய ஒரு மணி என்று குழப்பிச் சொல்லி, பிறகு பன்னிரண்டே முக்கால் என்று திருத்தினேன். "சாப்பாட்டு நேரம். சாப்டுகிட்டே பாக்குறான்" என்றார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

அதிலிருந்து வாராவாரம் அவர் போனில் ஒரு வீடியோ எடுத்து எனக்கு அனுப்புவார். நான் காற்றின் இரைச்சலைக் குறைத்து, சுருக்கி, அதே பக்கத்தில் ஏற்றுவேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நாற்று விட்டது. மோட்டார் காயில் போய்விட்டது. அவன் நட்ட கொய்யா காய்த்தது. "காய்ச்சிருக்குடா, ஆனா அணிலுதான் திங்குது" என்று ஒரு வீடியோவில் சிரித்தார். கணவருக்குத் தெரியாமல்தான் முதலில் எடுத்தார். பிறகு அவருக்கும் தெரிந்தது. திட்டவில்லை. ஒருதடவை அவரே கதிர் தள்ளியிருந்த வயலைக் கையால் காட்டிவிட்டு, கேமராவைப் பார்க்காமல் நடந்து போனார். அந்தப் பன்னிரண்டு நொடியை ஏற்றியபோது, ஒரு குடும்பத்தை ஒட்டவைக்கிறேன் என்றே நினைத்தேன். ஜெர்மனிக்காரர் அன்றும் நாலேகாலுக்கு வந்தார். ஒருநாள் தவறியதில்லை. ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. மனுஷப் பிறவி எவனாவது ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் தினமும் வருவானா என்று நான் ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கார்த்திகையில் அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு. தஞ்சாவூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த அம்மா அழாமல், தெளிவாக ஒரு வீடியோ பேசினார். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி. "அப்பா கோவம்லாம் போயிடுச்சுடா. நீ வந்து கையெழுத்துப் போடணும். வந்துடு." மூன்று வாரத்துக்கு முன்பே ஏற்றிவிட்டேன். மறுநாள் நாலேகாலுக்கு அவன் பார்த்துவிட்டதாக நானே உறுதி சொன்னேன்.

ஆபரேஷன் அன்று காலையில் நானும் போயிருந்தேன். நர்ஸ் இரண்டு தடவை காகிதத்தை நீட்டினார். "மகன் வந்துட்டிருக்கான்" என்று அந்த அம்மா இரண்டு தடவையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை நர்ஸ் சத்தம் போட்டதும் தானே கையெழுத்துப் போட்டார். உள்ளே கொண்டுபோகும்போது கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அந்த அம்மா.

கணவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்த வாரமே பங்காளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தான் செத்தால் மகனுக்குச் சொல்லி அனுப்பக் கூடாது, தம்பி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாலு வருஷக் கோபத்தில் சொல்லாத சொல் அது. அந்த அம்மா என் கடைக்கு வந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"அந்தப் பக்கத்த எடுத்துடுங்கம்மா. தெரியாம வராதவன்னா மனச ஆத்திக்கலாம். தெனமும் பாத்துட்டு, அப்பன் நெஞ்ச அறுக்குறாங்கன்னு தெரிஞ்சும் வரலியே. அவன் இனிமே எங்களப் பாக்க வேணாம்."

எடுத்துவிட்டேன். மறுநாள் நாலேகாலுக்கு என் போனில் ஒரு எச்சரிக்கை வந்தது: பக்கம் திறக்கவில்லை. அனுப்பியது நானே நிறுவிய காவல் மென்பொருள். எங்கள் பக்கங்களை வைத்திருக்கும் சர்வர் படுத்துவிட்டால் உடனே தெரிய வேண்டும் என்று, தினமும் ஒருதடவை ஒரு பக்கத்தைத் தானாகத் திறந்து பார்க்கும்படி வைத்திருந்தேன். சித்திரையில், அந்த அம்மாவின் வீடியோ ஏறிய அதே வாரத்தில். எந்தப் பக்கம் என்று அது கேட்டபோது, கையிலிருந்த புதுப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்திருந்தேன். அது ஓடுவதற்கு ஒரு சின்னக் கணினியை இணையத்தில் வாடகைக்கு எடுத்திருந்தேன். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இப்போது பார்த்தேன். ஜெர்மனி.

எட்டு மாதமாக அந்தத் தாய் பேசியதை நான் வைத்த இயந்திரம்தான் திறந்து பார்த்திருக்கிறது. கொய்யாவை, வயலை, "வந்துடு"வை. அதுவும் பார்க்கவில்லை, கதவு திறக்கிறதா என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அவன் ஒருநாள்கூட வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "விட்டுடு, இப்பப் போயி என்னத்தச் சொல்லுவ" என்றார். நான் அவரைத் திட்டினேன். அந்தப் பையன் செய்யாத தப்புக்குப் பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைக்கும் உரிமையை இழந்து நிற்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று கத்தினேன். மறுநாள் காலையிலேயே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உங்கள் மகன் கல்நெஞ்சக்காரன் இல்லை என்று சொல்லப் போகிறேன் அல்லவா?

அந்த அம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெர்மனிக்காரர் வந்த நேரத்தையும் காவல் மென்பொருள் தட்டிய நேரத்தையும் திரையில் காட்டினேன். காலில் விழாத குறை. முறம் அப்படியே மடியில் நின்றது.

"அப்ப அது அவன் இல்ல."

"இல்லம்மா. ஒரு தடவகூட இல்ல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆபரேஷன் தெரியாது. அவர் மேல தப்பே இல்லம்மா."

"ஒரு தடவகூட இல்ல" என்று திருப்பிச் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் உள் அறையைப் பார்த்தார். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப நாலு வருஷமா எம்புள்ள இருக்கானா இல்லியான்னு எனக்கு யாரும்மா சொன்னா?"

இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் வந்த அத்தனை தூரத்திலும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அவர்கிட்ட இதச் சொல்லிடாதீங்க" என்றார். "பாத்துட்டு வராதவனாவே இருந்துட்டுப் போறான். அப்படின்னா உசுரோட இருக்கான்ல."

பிறகு முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினார். ஒரு தாய்க்கு மகனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அவரிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.