ஓவிய அறையில் ஒரு கட்டில்

ஜம்புநாதனுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆறு வாரத்துக்கு மாடிப்படி கூடாது. போலாரத்தில் அவர்கள் வீட்டுப் படுக்கையறைகள் இரண்டும் மாடியில். கீழே, உட்கார்ந்து எழ வசதியான கழிப்பறையோடு இருப்பது ஒரே ஓர் அறைதான். அது அவர் மனைவி வேதவல்லி படம் வரையும் அறை.

அவள் அதிகம் யோசிக்கவில்லை. கால் தடுக்கும் என்று தரையில் கிடந்த சாக்கைச் சுருட்டினாள். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி அடிக்கச் சொன்னாள். தாழ்ந்த கட்டிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று கட்டில் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்தினாள். பதினான்கடி நீள அறை. ஒரு கோடியில் மரத்தாங்கியில் படம் நிற்கும். மறு கோடியில் அவள் ஸ்டூல். அந்த ஸ்டூல் இருந்த இடம் ஒன்றில்தான் கட்டில் நுழைந்தது. ஸ்டூல் வராந்தாவுக்குப் போயிற்று.

வேதவல்லிக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மாம்பழம், தேசியக்கொடி, வெள்ளத்தில் மூழ்கிய வீடு என்று பரீட்சைக்கு வேண்டியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில், இந்தியில் கேட்டால் இந்தியில். ஓய்வு பெற்ற மறுநாள் காலை இந்த அறையைக் கழுவித் துடைத்து, தனக்கென்று நாலடிக்கு ஐந்தடியில் ஒரு கேன்வாஸ் வாங்கி வைத்தாள். அன்றிலிருந்து அவள் வரைவது உட்கார்ந்திருக்கும் பெண்களைத்தான்.

முகம் வரைய மாட்டாள். கண், மூக்கு எதுவும் இருக்காது. ஒரு தோள் இருக்கும், இடுப்பின் கனம் இருக்கும், தலை என்பது ஒரு சரிவு. மாதத்தில் இரண்டு தடவை பஸ் பிடித்துப் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் போவாள். மூட்டைகளின் மேல் பெண்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். ஒரு கோடு கூடப் போட மாட்டாள். ஒரு கிலோ கத்தரிக்காயும் அந்த உட்காருகிற கனமும்தான் வீட்டுக்கு வரும்.

அவள் வேலை முறை இதுதான். காலை ஆறரைக்குக் காப்பி. படங்கள் எல்லாம் சுவரைப் பார்த்தபடி சாத்தியிருக்கும். ஒன்றைத் திருப்பித் தாங்கியில் வைப்பாள். ஸ்டூலில் உட்கார்ந்து கால் மணி நேரம் சும்மா பார்ப்பாள். பிறகு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்ப்பாள். பிறகு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியில் பார்ப்பாள். எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அங்கே தேய்ப்பாள். சுவருக்குப் பட்டி பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் தகட்டால் சுரண்டுவாள். மேலே புது நிறம் வரும். அக்ரிலிக் என்பதால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மறுநாள் மறுபடியும். ஒரு படம் நாற்பது தடவை மாறும். நேற்று அழகாக இருந்தது இன்று இருக்காது. அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது; அதுதான் அவளுடைய சந்தோஷம்.

வேலை நடக்கும்போது யாரையும் உள்ளே விட மாட்டாள். யாராவது ஒரு மூலையைக் காட்டி "இது நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால், கை அந்த மூலைக்குக் காவல் காக்கத் தொடங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அறைக்குள் ஜம்புநாதனே மொத்தம் பத்துத் தடவைதான் வந்திருப்பார், பல்பு மாற்ற.

இப்போது அவர் அங்கேயே படுத்திருந்தார்.

முதல் இரண்டு நாள் வலி மாத்திரையில் தூங்கினார். மூன்றாம் நாள் தலையணையை உயர்த்திக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு பார்ப்பதற்கே சம்பளம் வாங்கினவர்.

"நடுவுல உக்காந்திருக்கறவ கோவமா இருக்கா," என்றார்.

"நான் மூஞ்சியே வரையலையே."

"முதுகு சொல்லுதே. எடையில எவனோ ஏமாத்திட்டான்."

வேதவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். அந்த முதுகில் கோபம் வரவேண்டும் என்று ஒரு மாதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தொல்லை அதற்கு அடுத்த வாக்கியத்தில் வந்தது.

"வலது ஓரத்துல ஒருத்தி கையை நெத்தியில வச்சு வெயிலை மறைச்சுக்கிட்டுப் பார்க்கறா பாரு. அந்த மஞ்சக் கை. என்னா அழகா வந்திருக்கு. அதை மட்டும் தொட்டுடாதே வேதா."

மூட்டைகளின் மேல் மூன்று பெண்கள். அந்தப் படம்தான் மாதாப்பூருக்குப் போகவேண்டியது. அங்கே ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஓவியக்கூடம் நடத்தும் ஈரோட்டுப் பையன் சுதர்சன், கண்காட்சிக்காக அவளுடைய மூன்று படங்களைக் கேட்டிருந்தான். வேதவல்லியின் படங்கள் நாலு பேர் பார்க்கிற சுவருக்குப் போவது இதுவே முதல் தடவை. இரண்டு போயாயிற்று. மூன்றாவதை எடுக்க அடுத்த வாரம் சனிக்கிழமை வண்டி வரும். அதற்கு அடுத்த வியாழன் திறப்பு விழா.

மறுநாளிலிருந்து அவள் கை அந்த மஞ்சள் கையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கைக்குப் பொருத்தமாகத் தோளை மாற்றினாள். தோளுக்குப் பொருத்தமாக மூட்டையை மாற்றினாள். படம் நாளுக்கு நாள் சுத்தமாகவும் விறைப்பாகவும் ஆகிக்கொண்டு வந்தது, இஸ்திரி போட்டது போல.

ஜம்புநாதனோ அந்தக் கைக்கு ஏஜெண்டாகவே மாறிவிட்டார். பால்காரருக்குக் காட்டினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். போனில் படம் பிடித்துச் சுதர்சனுக்கே அனுப்பினார். தினமும் பத்து மணிக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் சாஹித்யா என்ற தெலுங்குப் பெண்ணும் தன் பங்குக்கு, "செய்யி சூப்பருந்தி, ஆன்ட்டி," என்று அந்தக் கையைப் புகழ்ந்தாள்.

வேதவல்லி கட்டிலுக்கு முன்னால் ஒரு பெட்ஷீட்டைக் கொடிகட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு இது? ஜெனரல் வார்டு மாதிரி இருக்கு," என்று அவர் கைத்தடியால் துணியை ஒதுக்கினார்.

அவர் தூங்கும் நேரம் பார்த்து வேலை செய்ய நினைத்தாள். உப்புத்தாள் சத்தம் கேட்டால் விழித்துவிடுவார். கடைசியில் ஒரு வழி தோன்றிற்று. சாஹித்யா அவர் குதிகாலுக்கு அடியில் துண்டைக் கொடுத்து, "இங்க்கொஞ்செம், அங்கிள், இங்க்கொஞ்செம்," என்று காலை இன்னும் கொஞ்சம் மடக்கச் சொல்லும்போது அவர் வலியில் கண்ணை இறுக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் தூரிகையை எடுத்தாள்.

"ஆறு, ஏழு... வேதா, கைகிட்ட போகாதே... பத்து," என்றார் கண்ணை மூடியபடியே.

"எட்டு ஒம்பது எங்கே போச்சு?" என்றாள் அவள்.

எண்ணிக்கையில் மட்டும் அவரை நம்ப முடியாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் தினம் ஐந்து நடை நடக்கவேண்டும் என்று சொல்லியிருந்தது. கட்டிலை ஒட்டியே இரண்டு நடை போய், வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். அவள் ஐஸ் பையைத் துணியில் சுற்றி முழங்காலில் வைப்பாள். ஐஸ் பைக்குக் கீழே இருந்துகொண்டே அவர் கையைப் புகழ்வார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுதர்சன் போன் செய்தான். "நாளான்னைக்குக் காலையில வண்டி வருதுங்க மேடம். படம் ரெடிங்களா?"

"ஹவ், ஆமா, ரெடி," என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் வாய் கசந்தது. அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. எல்லாரும் அந்தக் கையைத்தான் பாராட்டுவார்கள். அவள் மட்டும் கண்காட்சியில் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர்ப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை அவருக்குக் காப்பி கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், கால் வீக்கம் குறைந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பிறகு உப்புத்தாளை நனைத்து எடுத்துக்கொண்டு நேராகப் படத்தின் வலது ஓரத்துக்குப் போனாள்.

"வேதா, என்ன பண்றே?"

அவள் தேய்த்தாள்.

"நக்கோ. வேணாம் வேதா, நக்கோங்கறேன். நாளைக்கு வண்டி வருது."

அகலத் தூரிகையில் சிமெண்டு நிறமும் கொஞ்சம் நீலமும் கலந்து இரண்டு இழுப்பு இழுத்தாள். கை போய்விட்டது.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. ஐந்து தடவை கெஞ்சினால் ஒரு தடவை எழுந்திருக்கும் மனிதர் ஒரே மூச்சில் எழுந்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

வேதவல்லி திரும்பாமலே சொன்னாள்: "வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுக் கோவப்படுங்க."

அவர் வாக்கரைப் பிடித்தார். டக், டக் என்று அறையின் முழு நீளத்தையும் கடந்து வந்து, படத்துக்கு ஓரடி தூரத்தில் மூக்கை நீட்டினார். இத்தனை நாளில் அவர் அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

"இங்கேருந்து பார்த்தா ஒரு எழவும் தெரியலையே," என்றார். "வெறும் பெயிண்டா இருக்கு. இதை வச்சுக்கிட்டா நீ பத்து நாளா வேலை செய்யறே?"

"தூரத்துல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். அங்கேதான் நீங்க படுத்திருக்கீங்களே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பத்து நாளாக அவள் தள்ளி நின்று படத்தைப் பார்க்கவே இல்லை. தூரிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனதில் பாதிக் குற்றம் அவர் வாயினுடையது. மீதிப் பாதி கட்டிலினுடையது. நேரே போய் அவருடைய படுக்கையில் உட்கார்ந்தாள். உயர்த்தின கட்டில் என்பதால் பழைய ஸ்டூலை விட நன்றாகவே இருந்தது.

முழுப் படமும் தெரிந்தது. கை இருந்தவரை பார்க்கிறவர்கள் கண் அந்தப் பெண் எங்கே பார்க்கிறாளோ அங்கே, படத்துக்கு வெளியே, ஓடிக்கொண்டிருந்தது. இப்போது போக இடமில்லாமல் திரும்பி வந்தது. மூன்று பெண்களும் ஒரே மூட்டையின் கனத்தில் ஒன்றாகச் சாய்ந்திருந்தார்கள். இடது மூலை மட்டும் இன்னும் பொய் சொல்லிற்று. அது பரவாயில்லை. பொய் எங்கே என்று தெரிந்துவிட்டால் போதும்.

"இங்கே கீறல்ல பச்சை தெரியுது," என்றார் ஜம்புநாதன், இன்னும் படத்தை மோந்துகொண்டு.

"அது எருமை."

"என்னாது?"

"போன வருஷம் அங்கே ஒரு எருமை இருந்தது. பச்சை எருமை."

"இந்தச் செகப்பு?"

"உங்க தங்கச்சி. ஏழு வாரம் உக்காந்திருந்தா. சரியா வரலை, மூட்டையாக்கிட்டேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வாக்கர் குலுங்கிற்று. "அவகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த கீறலுக்கு நகர்ந்தார். நீலத்துக்கு அடியில் என்ன, ஓரத்தில் தெரியும் கருப்பு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு குடை, ஒரு பஸ் ஜன்னல், கால் வராமல் மூன்று தடவை அழிந்த கிழவர் ஒருவர். கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் சொல்லச் சொல்ல, அவர் படத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்.

பத்து மணிக்கு சாஹித்யா வந்து வாசலில் நின்றாள். படுக்கையில் ஆன்ட்டி, படத்துக்கு முன்னால் அங்கிள். "பேஷண்ட் எவரு, ஆன்ட்டி?" என்று கேட்டாள். பிறகு அவர் எத்தனை நேரமாக நிற்கிறார் என்று கேட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அதன்பின் வேலை தானாக ஒரு முறைக்கு வந்தது. வேதவல்லி கால் மணி நேரம் வரைவாள். அவர் கட்டிலில் இருப்பார். "எழுந்திருங்க, பார்க்கணும்," என்பாள். அவர் எழுந்து வாக்கரோடு நடப்பார். அவள் உட்கார்ந்து பார்ப்பாள். மத்தியானத்துக்குள் எட்டு நடை ஆகிவிட்டது, ஒன்று கூட விடாமல் இவளே எண்ணினாள். இடது மூலையைச் சுரண்டினாள், மூடினாள், மறுபடி சுரண்டினாள். கையில் அந்தப் பழைய அரிப்பு வந்திருந்தது. என்ன ஆகும் என்று தெரியாத அரிப்பு.

பன்னிரண்டரைக்கு அவளுடைய போன் அடித்தது. அவள் படுக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் பெயிண்ட். "சுதர்சனா இருக்கும். ஸ்பீக்கர்ல போட்டு வாக்கர்ல தொங்கற பையில வச்சுப் பேசுங்க. ரெண்டு கையும் கம்பியில இருக்கட்டும்."

"தம்பி, நான் ஜம்புநாதன் பேசறேன்," என்றார் அவர், பையைக் குனிந்து பார்த்து. "வண்டி நாளைக்கு நக்கோ. செவ்வாக்கிழமை அனுப்பு."

"சார், நேத்து மேடம் ரெடின்னு சொன்னாங்களே."

"ரெடியாத்தான் இருந்தது. அதான் தப்பு. இப்பத்தான் நல்லா வருது."

"நீங்க போட்டோ அனுப்பினீங்களே, அந்தக் கை..."

"கை போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா என்னங்க சார்?"

"போயிடுச்சுன்னா போயிடுச்சுப்பா. எருமையே போச்சு, கை என்ன பெரிசு?"

"எருமைங்களா?"

வேதவல்லி தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். நெற்றியில் நீலம் ஒட்டிற்று. "கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க," என்றாள், "நடுவுல இருக்கறவளை மறைக்கறீங்க."

அவர் வாக்கரைத் தூக்கி வைத்து இரண்டடி நகர்ந்தார். பைக்குள் சுதர்சன் ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.