கொக்கித் தராசில் தொங்கிய கீபோர்டு

இங்கே பாரீசில் இசைக்கருவி விற்கும் கடைக்குள் நுழைந்தால் சத்தமே இருக்காது. சொன்னால் நம்பமாட்டீர்கள். கீபோர்டுகளின் முன்னால் வரிசையாக நின்று, கண்ணை மூடி, தலையை ஆட்டி, உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். எல்லார் காதிலும் ஹெட்போன். வெளியே கேட்பது கட்டைகளில் விரல் விழும் டொக் டொக் மட்டும்தான். முதல் தடவை போனபோது, வெங்காயம் நறுக்குகிற இடத்துக்குத் தவறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவன் நான். எனக்கு அப்படித்தான் தோன்றும்.

எங்கள் ஊர் உறுவையாற்றில் கீபோர்டு வாங்கினால், முதலில் அதை மைக் செட்டில் மாட்டி, அடுத்த ஊர்க்காரனுக்குக் கேட்கிறதா என்று பார்ப்போம். கேட்டால் நல்ல கீபோர்டு. கேட்காவிட்டால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். நான் பிறந்தது வில்லியனூர் கொம்யூன்; ஊராட்சிக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர் அது. இப்போது பாரீசுக்கு வெளியே குடியிருப்பதும் ஒரு கொம்யூன்தான். பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர, அங்கே சத்தம் இல்லாவிட்டால் விசாரிப்பார்கள், இங்கே சத்தம் வந்தால் விசாரிப்பார்கள். எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் மதாம், நான் மேலே இருமினாலே துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுகிறவர்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நான் விமானம் ஏறியபோது, ஊர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். குழுவை நடத்துகிறவன் என் கூட்டாளி கலியபெருமாள். ஏறின நாளிலிருந்து எனக்கு அங்கே வேறு உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள். ஆடி மாதம் இங்கே பள்ளிக்கூட விடுமுறை. அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சரியாகப் போய்ச் சேருவேன். போனதும் மேடைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, துணி விரித்து, சால்வை போர்த்தி உட்காரவைத்துவிடுவார்கள். ஆடி மாதப் புழுக்கத்தில் சால்வை! மேடையில் என் குழு, என் பாட்டுகள். நான் கீழே கையைக் கட்டிக்கொண்டு, 'பிரான்சிலிருந்து வருகை தந்திருக்கும்' ஆளாக இருப்பேன். எங்கள் வீட்டு பீரோவில் துணியைவிடச் சால்வைதான் அதிகம். இந்த வருஷம் என்ன ஆனாலும் நாற்காலியில் உட்காருவதில்லை, மேடையேறி வாசித்தே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து கலியன் போன் செய்தான். "டேய், நம்ம பொட்டி சுத்தமா படுத்துட்சிடா. வர்றப்போ அங்கேர்ந்து ஒண்ணு வாங்கினு வாயேன்" என்றான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெட்டி என்னுடையது என்றால் வாசிக்கிறவனும் நான்தானே? அவனிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை.

கடையில் இருந்தவன் தாடி வைத்த இளைஞன், மிகவும் மரியாதைக்காரன். என்ன மாதிரி இசை வாசிப்பீர்கள் என்று கேட்டான். கோயில் என்றேன். உடனே தேவாலய ஆர்கன் சத்தத்தைப் போட்டுக் காட்டினான். இந்தக் கோயில் இல்லை, வெளியில், தெருவில், அம்மனுக்கு என்றேன். அம்மன் என்பது உங்கள் குழுவின் பெயரா என்றான். இல்லையப்பா, அது திருவிழா, அன்றைக்கு ஊருக்கெல்லாம் கூழ் ஊற்றுவோம் என்று சொல்ல வந்தவன், கூழுக்குப் பிரெஞ்சில் வார்த்தை கிடைக்காமல் சூப் என்று சொல்லிவிட்டேன். ஏழைகளுக்கு சூப் வழங்குவதற்காக நடக்கும் கச்சேரி என்று புரிந்துகொண்டு, அவன் நெஞ்சில் கையை வைத்தான். அதற்குப் பிறகு என்னிடம் அவன் காட்டிய பணிவைப் பார்த்தபோது திருத்த மனம் வரவில்லை.

அவன் காட்டியது மேடைக்கென்றே செய்த சிவப்பு நிறக் கீபோர்டு. பழைய காலத்து ஆர்கன், பழைய காலத்து எலெக்ட்ரிக் பியானோ, இரண்டையும் அச்சு அசலாகப் பேசும். ஸ்பீக்கர் எங்கே என்றேன். இல்லை என்றான். ரிதம்? இல்லை. தவில், நாதஸ்வரம்? அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனாவது உண்டா என்றேன். உண்டு, ஆனால் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஏன், எல்லாச் சுருதியிலும் வாசிக்க வராதா என்பதுபோலப் பார்த்தான். எங்கள் ஊர்ப் பாடகர்கள் மேடையேறி வாயைத் திறந்த பிறகுதான் சுருதியே முடிவாகும் என்பதை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது?

பிறகு அவன் பெருமையாகக் காட்டியவையெல்லாம் குறைகள். பழைய ஆர்கனில் கட்டையைத் தொட்டால் ஒரு டிக் சத்தம் வருமாம், அது இதிலும் வரும். பழைய மின்சாரப் பியானோ தேய்ந்துபோனால் கரகரக்குமாம். ஒரு குமிழைத் திருப்பினால் வேண்டிய அளவுக்குத் தேய்மானம் கிடைக்கும். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் குழுவில் இந்தக் குறைகளெல்லாம் குமிழைத் திருப்பாமலே வரும். சாயங்காலம் மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரக் கரும்புக் கொல்லை மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். மேடை விளக்கு மங்கும். கீபோர்டு மூச்சடங்கிப் போய், திரும்பி வரும்போது வேறு சத்தத்தில் வரும். ஒரு கல்யாணத்தில் பெண் மேடையேறுகிற நேரம் அப்படி ஆகி, அவசரத்தில் நான் எதையோ அழுத்த, நாய் குரைத்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை அதை மறக்கவில்லை.

ஆர்கனுக்கென்று கட்டைகளுக்கு மேலே ஒன்பது நீளப் பட்டைகள் இருந்தன. மைக் செட் மிக்சரில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நம் வழக்கப்படி ஒன்பதையும் முழுசாக மேலே தள்ளிவிட்டு வாசித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி ரிப்பேர் என்றேன். அவன் சிரிக்காமல், பட்டைகளைத் தன் பக்கமாக, கீழே இழுத்தான். காதுக்குள் ஊர்த்திருவிழாவே புகுந்தது. இதில் எல்லாம் தலைகீழ்; தள்ளினால் சத்தம் போகும், இழுத்தால்தான் வரும். பக்கத்தில் ஒரு சுவிட்சு. அதைத் தட்டினால், சுழலும் ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல ஆர்கன் மெல்லச் சுற்றும், இன்னொரு தட்டில் வேகமெடுத்துச் சுழலும். அந்தச் சுழற்சியைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. இதுதான் என்று தீர்மானித்தேன்.

ஆனால் தீர்மானிக்க வேண்டியது நான் அல்ல. பையிலிருந்து பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்தேன். புலம்பெயர்ந்த குடும்பம் எதிலும் இது ஒன்று இருக்கும். கல்யாணப் பெண்ணின் ஜாதகம்போல அதைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வோம். கீபோர்டைத் துணி நாடாவால் கட்டி, கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் தூக்கினேன். ஹெட்போன் மாட்டியிருந்தவர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தாடிக்காரன் பதறி ஓடி வந்தான். "மிசே, இதன் எடை இங்கே எழுதியிருக்கிறது" என்றான். எழுதினதை நம்பி விமான நிலையத்தில் சாமானைத் தரையில் கொட்டிப் பொறுக்கினவனுக்குத்தான் தெரியும் அந்த வலி. தராசு நல்ல எண்ணைக் காட்டியது. கூடவே கால் பெடல் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். எலெக்ட்ரிக் பியானோவில் விரலை எடுத்த பிறகும் சத்தத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

வீட்டில் கறுப்புப் பையில் கிடந்ததைப் பார்த்து என் மனைவி புஷ்பா, "இன்னாங்க இது, ஆள் நீளத்துக்குக் கீது? இதத் தூக்கினு போனா எங்கம்மாவுக்கு வாங்கின சாமானெல்லாம் எங்க வக்கிறது?" என்றாள். மாமியாரின் சென்ட் பாட்டில்களும் சாக்லேட்டுகளும் பாதியாகக் குறைந்தன. ஊர் போகும்வரை ஹெட்போனில் பயிற்சி செய்தேன். கட்டைச் சத்தமும் பெடல் மிதிக்கும் சத்தமும் மட்டும் கீழே இறங்க, துடைப்பக் கட்டை தாளம் தவறாமல் கூடவே வந்தது.

வில்லியனூர் தாண்டி ஊருக்குள் கார் திரும்பும்போதே பேனர் தெரிந்தது. என் தலை; எவனுடையதோ கோட்டு சூட்டு. 'அம்மன் திருவிழாவுக்குக் கீபோர்டு வழங்கிய பிரான்ஸ் வள்ளல்' என்று எழுதியிருந்தது. கலியன் வீட்டில் இறங்கியதும், "வாசிக்கறது நான்தானடா?" என்று கேட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்குடா அந்த வேல? நீ சீப் கெஸ்ட். ஜெகன் கீறான், சூப்பரா வாசிப்பான்" என்றான்.

ஜெகன் பகலில் வயரிங் வேலை செய்கிறவன், மைக் செட்டும் அவனுடையதுதான். நல்ல பிள்ளை. அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, அழுகை வருவதுபோல இருந்தது எனக்கு. சரி, பெட்டியைப் பிரித்துக் காட்டுகிற சாக்கிலாவது கொஞ்சம் வாசிக்கலாம் என்று பையின் ஜிப்பில் கை வைத்தேன். கலியன் என் கையைத் தட்டிவிட்டான்.

"கோயில்ல வச்சி பூஜ போட்டுத்தான்டா பிரிக்கணும். அதுக்கு முன்னாடி எவனும் தொடக்கூடாது."

புது லாரியானாலும், நெல் அறுக்கும் மிஷினானாலும் எங்கள் ஊர் வழக்கம் அதுதான். கையை எடுத்துக்கொண்டேன். பெட்டி மூன்று நாள் சாமி அறையில் பையோடு கிடந்தது.

திருவிழா மாலை. கூழ் ஊற்றி முடிந்து, மேடையில் பூசாரி பையைப் பிரித்தார். எலுமிச்சம்பழம் அறுத்து, கீபோர்டு முழுக்க விபூதி அடித்து, ஒன்பது பட்டைகளுக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெட்டி மஞ்சள் நீராட்டுக்கு உட்காரவைத்த பெண்போல இருந்தது. எனக்கு வழக்கமான நாற்காலி, வழக்கமான சால்வை. ஜெகன் பியானோவில் முதல் பாட்டை நன்றாகவே வாசித்தான். அடுத்தது அம்மன் பாட்டு. ஆர்கனுக்கு மாற்றினான். கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஒன்பது பட்டைகளையும் ஒரே தள்ளாக மேலே தள்ளினான்.

பெட்டி ஊமையானது. ஜெகன் வயரிங்காரன் இல்லையா, முதலில் வயரைத்தான் சந்தேகப்பட்டான். ஒருவன் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினான். ஒருவன் எர்த் இல்லை என்றான். கலியன் மைக்கில் "ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறு" என்று ஆரம்பித்தான். கூட்டத்தில் விசில் பறந்தது. 'பிரான்ஸ் பொட்டி புட்டுகிச்சி' என்று எவனோ கத்தினான். பாடுகிற பெண்ணோ இதற்கெல்லாம் காத்திராமல் தன் சுருதியில் பாட்டைத் தொடங்கிவிட்டாள். நான் சால்வையோடு மேடை ஏறினேன்.

"ணா, எல்லாத்தையும் ஃபுல்லா ஏத்திட்டன் ணா. சத்தமே வரல."

"ஏத்துனா போயிடும்பா. கீழ இழுக்கணும்."

"இன்னாணா இது, தலகீழா கீது?" என்று அவன் நகர்ந்து நின்றான். அந்த இடம் போதும் எனக்கு. இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி அந்தப் பெண்ணின் சுருதியைப் பிடித்தேன். குங்குமம் ஒட்டின விரலால் ஒன்பதையும் இழுத்தேன். நான்கு பக்கமும் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் ஆர்கன் எழுந்தது. உடம்பெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் சுழற்சிச் சுவிட்சை வேகத்துக்குத் தட்டிவிட்டேன். சத்தம் கிறுகிறுவென்று சுழன்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல்.

கலியனின் அக்கா தனலட்சுமிக்குச் சாமி வந்துவிட்டது. எல்லா வருஷமும் பம்பை அடித்தால்தான் வரும். இந்த வருஷம் ஆர்கனுக்கே வந்துவிட்டது. நான் பயந்துபோய்க் கையை எடுக்கப் பார்த்தேன்.

"நிறுத்தாத! நிறுத்தாத! ஆத்தா வந்துகீறா!" என்று பூசாரி அலறினார்.

வாசித்தேன். ஒரு பாட்டுக்கு ஆசைப்பட்டு வந்தவன், பாட்டே முடிந்த பிறகும் வாசித்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து மரத்த விரல்கள் இழுத்துக்கொண்டன. சால்வைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. அதைக் கழற்ற ஒரு கை ஒழியவில்லை. கற்பூரத் தட்டோடு பூசாரி கேட்டார், "இன்னா வேணும் தாயே?" அக்கா என் பக்கம் விரலை நீட்டினாள். "இந்தச் சத்தம் வேணும்டா எனுக்கு! வருசா வருசம் வேணும்!"

"ஆவட்டும் தாயே. பொட்டி இங்கயே இருக்கும்" என்று பூசாரி என் சார்பாகவும் வாக்குக் கொடுத்தார்.

பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அம்மனே கேட்ட பிறகு, பேனரும் கட்டிய பிறகு, இல்லை என்று சொல்ல நான் யார்? ஒன்றுதான் உறுத்தியது. சத்தம் வேண்டும் என்றாளே தவிர, யார் வாசிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த ஆடிக்கு மறுபடியும் நாற்காலிதான் என்று நினைத்தபடியே விமானம் ஏறினேன்.

இங்கே வந்து பயணப்பெட்டியைப் பிரித்தபோது, மாமியார் கொடுத்த வடகத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவே கால் பெடல் கிடந்தது. மேடையிலிருந்து கழற்றியதை மறதியில் துணியோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறேன். போன வாரம் கலியன் போன் செய்தான்.

"டேய், பெடல் எங்கடா? பியானோவுல விரல எடுத்தா சத்தம் பொட்டுனு நின்னுடுது. இங்க ஒண்ணு வாங்கி மாட்டனோம், அது தலகீழா வேல செய்து. மிதிச்சா நிக்குது, வுட்டா இழுக்குது."

"எங்கிட்டதான்டா கீது."

"கொரியர்ல போடுடா. ஆத்தா கேட்ட சத்தம்டா அது."

"சால்வைய வேணும்னா கொரியர்ல போடறன். பெடல் நான் வந்தாத்தான் வரும். நானே மிதிச்சாத்தான் வேலையும் செய்யும்."

"சரி வந்து தொல. இந்தத் தடவ நாற்காலி போட மாட்டன்" என்றான்.

பெடலைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது கால் தானாக அதன் மேல் போய்விடுகிறது. பெட்டி உறுவையாற்றில், இங்கே மிதித்தால் கேட்பது கீழ்வீட்டு மதாமின் துடைப்பக் கட்டைதான். "காலத்தான் எடுங்களேன்" என்கிறாள் புஷ்பா. எடுக்க முடியவில்லை. எடுத்தால் அங்கே சத்தம் நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.