டீ டைமில் கேட்ட நவ்ரு

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை திருப்பூர் மண்ணரையில் கரண்ட் போகும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை பராமரிப்பு வேலை என்று முந்தின நாளே செல்போனில் செய்தி வந்துவிடும். அதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாத ஆள் அந்தத் தெருவிலேயே ராஜபாண்டி ஒருவன்தான்.

ராஜபாண்டி கட்டிங் மாஸ்டர். விருதுநகர் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு மனைவி ராமுத்தாயை அழைத்துக்கொண்டு திருப்பூர் வந்தவன். பனியன் துணியை அடுக்கி, மார்க் போட்டு, மிஷினில் அறுக்கிற வேலை. அதைத் தவிர அவனிடம் இன்னொன்று இருந்தது. அரசாங்கம் நடத்தும் பரீட்சையை எழுதி வாங்கிய ஹாம் ரேடியோ லைசன்ஸ். பதினோரு வருஷமாக வைத்திருக்கிறான். ஒற்றை அறை வீட்டில் கேஸ் அடுப்புக்கு எதிர்ப்புறம் ஒரு ஸ்டூல், அதன்மேல் அவனே பற்றவைத்துச் செய்த ரேடியோப் பெட்டி, கீழே ஒரு பேட்டரி. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. ஏரியல் அதுதான்.

அந்தப் பெட்டியில் பேச முடியாது. பக்கத்தில் இருக்கிற தந்திக் கட்டையைத் தட்டினால் 'டிட் டா' என்று ஒலி போகும், அவ்வளவுதான். எங்கோ ஒரு நாட்டில் இன்னொருவன் அதைக் கேட்டுத் திருப்பித் தட்டுவான். லைசன்ஸோடு கொடுத்த ஆறு எழுத்துப் பேர்தான் அழைப்புக்குறி. இவனுடையதை அவன் சொல்ல வேண்டும், அவனுடையதை இவன் சொல்ல வேண்டும், எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று இருவரும் எண் கொடுத்துக்கொள்ள வேண்டும். அது முடிந்தால்தான் கணக்கு. அப்படித் தொண்ணூற்றொன்பது நாடுகள் முடித்திருந்தான். அந்த நாடுகளிலிருந்து வந்த அட்டைகள் ஓர் எக்ஸ்போர்ட் பெட்டியில், கட்டிலுக்கு அடியில் இருந்தன. நூறு ஆனால் ஒரு சான்றிதழ் உண்டு. சான்றிதழுக்கு ஆணிகூடச் சுவரில் அடித்துவைத்திருந்தான்.

பத்து மாதத்துக்கு முன்னால் கட்டிங் மிஷின் பிளேடு அவன் வலது கையில் இறங்கியது. கை தப்பியது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. நரம்பு போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு ராமுத்தாய்தான் வேலைக்குப் போகிறாள். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன பனியன் யூனிட்டில், தைத்து வந்ததைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை.

வீட்டிலிருந்த ராஜபாண்டி இடது கையால் தட்டப் பழகினான். பேனா பிடிக்க முடியாததால் அவன் சொல்லச் சொல்ல நோட்டில் அவள் எழுதினாள். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் தெரியும். அதற்காகவே ஹெட்போனைப் பிரித்து ஆளுக்கொரு காதில் வைத்துக்கொள்வார்கள். அவளுக்குப் பேச்சு குறைவு. அதனால் காது மட்டும் வேலை செய்தது. பதினோரு வருஷம் ஒரே அறையில் சமைத்துக்கொண்டு கேட்ட ஒலி. எது எந்த எழுத்து என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அதை அவனிடம் அவள் சொன்னதில்லை.

நூறாவதாக வர வேண்டியது நவ்ரு. திருப்பூரைவிடச் சின்ன நாடு, பசிபிக் கடலில் ஒரு தீவு. எப்போதாவது வெளியூர்க்காரர்கள் அங்கே ரேடியோவோடு போய்ப் பத்து நாள் தங்குவார்கள். இப்போது போயிருக்கிறவர்கள் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டுகிறார்கள். அடுத்து எவன் எப்போது போவானோ தெரியாது. ஒன்பது நாளாக ராஜபாண்டி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ராத்திரியில் நவ்ரு இவன் பெட்டிக்கு எட்டாது, பகலில்தான் கேட்கும். கீழ்த்தளத்தில் வீட்டு ஓனர் தனபாலின் யூனிட். அங்கே நாற்பது ஓவர்லாக் தையல் மிஷினும் வரிசை வரிசையாக டியூப் லைட்டும் ஓடும்போது ஹெட்போனில் எண்ணெய் கொதிக்கிற இரைச்சல்தான் கேட்கும். கரண்ட் போனால்தான் அது அடங்கும்; அவசர ஆர்டர் இல்லாவிட்டால் அவர் ஜெனரேட்டர் போடமாட்டார். ஆகவே எல்லாம் செவ்வாய்க்கிழமையில் வந்து நின்றது.

அன்று ராமுத்தாயின் யூனிட்டுக்கும் லீவு. எட்டரைக்கே மாடிக்குப் போய்க் காவல் நின்றாள். கரண்ட் இல்லாத நாளில்தான் லைன் வீட்டுப் பெண்கள் வாரத் துணியெல்லாம் துவைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பழனாயி இரண்டு பக்கெட்டோடு ஏறி வந்தாள்.

"ஏன் ராமு, உங்க கம்பி சும்மாதான இருக்குது?"

"இன்னைக்கு மட்டும் வேணாம்க்கா. அவுக பேசப் போறாக."

"ஆரோட?"

"நவ்ருன்னு ஒரு தீவு."

"பக்கத்து ஊட்ல இருக்கற என்னைக் கண்டா உம் புருசனுக்கு வாயே தொறக்காது. தீவுக்காரங்கிட்ட பேசறாராமா." பழனாயி ஈரச் சேலையைக் கைப்பிடிச் சுவரில் போட்டாள். "பேசி முடிச்சதும் ஒரு கொரல் குடு. இதுல போட்டா சுண்ணாம்பு ஒட்டும்."

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ராமுத்தாய் கீழே வந்து ஹெட்போனைக் காதில் வைத்தாள். நிசப்தம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சந்தில் தனபாலின் ஜெனரேட்டர் கிளம்பியது. எண்ணெய் மறுபடி கொதித்தது.

ராஜபாண்டி இடது கையைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் கையைப் பார்த்துவிட்டு ராமுத்தாய் எழுந்து படி இறங்கினாள்.

தனபால் பேக்கிங் மேஜை அருகே நின்றார். அவரிடம் இதுவரை அவள் தானாகப் போய் எதுவும் கேட்டதில்லை.

"ஏனுங்கம்மணி, என்ன விசேசம்?"

"ஜெனரேட்டர்..."

"சத்தமா இருக்குதுங்களா? ஷிப்மென்ட்டுங்க. பன்னெண்டு மணிக்கு வேன் வந்து நின்னுரும்."

"அவுக ரேடியோவுக்கு... இன்னைக்குத்தான் கடைசி."

தனபால் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "மாஸ்டருக்கா? நிறுத்த முடியாதுங்க அம்மணி. பாருங்க, எத்தன பேரு தச்சுட்டு இருக்கறாங்கன்னு." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு பண்றனுங்க. பத்தரைக்கு டீ டைம். ஜெனரேட்டர் போட்டா அப்பவும் ஃபேனுக்காக ஓட்டிட்டே இருப்போம். இன்னிக்கு ஆஃப் பண்ணச் சொல்றேன். டீயும் பன்னும் திங்கற கால் மணி நேரம். அதுக்கு மேல எங்கையில இல்லீங்க."

"போதுங்க."

"கை எப்பிடி இருக்குது அவருக்கு?"

"அப்பிடியேதாங்க."

பத்தரை மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. கீழே டம்ளர்கள் உருளும் ஓசை கேட்டது. ஹெட்போனில், கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமான அமைதி. அதன் நடுவே நவ்ரு. பக்கத்து அறையில் யாரோ தட்டுவது போல அத்தனை தெளிவு.

ஆனால் அதற்காகக் காத்திருந்தது இவர்கள் மட்டுமில்லை. நவ்ரு ஒருவனோடு முடித்த மறுகணம், கொக்கரித்துக்கொண்டு ஓடிவரும் கோழிக்கூட்டம் போல உலகமே அழைத்தது. அவர்களுக்கெல்லாம் பெரிய பெட்டி, பெரிய ஏரியல். ராஜபாண்டி தன் அழைப்புக்குறியைத் தட்டினான். பதில் வேறொருவனுக்குப் போனது. மறுபடி தட்டினான். ஜப்பான்காரனுக்குப் போனது. மறுபடி. ரஷ்யாக்காரன். ராமுத்தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. அவன் நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது. அதைத் துடைக்க அவனுக்குக் கை மிச்சமில்லை. அவள் முந்தானையால் ஒற்றினாள்.

பத்து நாற்பத்திரண்டுக்கு நவ்ரு அவர்களைக் கூப்பிட்டது.

ஆறு எழுத்தும் சரியாக வந்தன. கூடவே அவனுக்கான எண். இனி இவன் தன் குறியைத் திரும்பச் சொல்லி, ஓர் எண் கொடுத்து, நன்றி சொன்னால் போதும். ஒன்பது விநாடி வேலை.

ராஜபாண்டியின் இடது கை இறுகிவிட்டது. முதல் எழுத்து வந்தது, அடுத்தது குழறியது, பிறகு மணிக்கட்டு கட்டையின் மேலேயே விறைத்து நின்றது. பத்து மாதம் பழகிய கை.

நவ்ரு பொறுமையாக மறுபடி கேட்டது. ராஜபாண்டியின் அழைப்புக்குறியைத் தட்டி, ஒரு கேள்விக்குறி. மற்ற கூட்டமெல்லாம் வாய்மூடிக் காத்திருந்தது. இவனுக்காக. ராஜபாண்டி கையை உதறி மறுபடி வைத்தான். வந்தது வெறும் புள்ளிகள். நவ்ரு மூன்றாம் முறை கேட்டது.

என்ன அனுப்ப வேண்டும் என்று ராமுத்தாய்க்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். அவள் கை நோட்டிலிருந்து எழுந்து கட்டையின் பக்கம் போனது. தானாகத்தான் போனது. விரல் தொடும் முன் ராஜபாண்டி தன் வலது கையை, அந்த மடங்காத கையை, கட்டையின் மேல் வைத்து மூடினான்.

"வேணாம். லைசன்ஸ் எம்பேர்ல."

"நான் தட்டினது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தான். பிறகு வேறொருவனைக் கூப்பிட்டான். ராஜபாண்டி இடது கையை நீவிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து அழைக்கத் தொடங்கினான். இரண்டு தரம் தட்டியிருப்பான். கீழே தனபாலின் குரல் கேட்டது. "டைம் ஆச்சு, ஏறுங்க, ஏறுங்க." ஜெனரேட்டர் உறுமியது. நவ்ரு எண்ணெய்க்குள் முங்கிப்போனது.

ராமுத்தாய் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள்.

"எதுவும் எழுதாத." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றி ஸ்டூலில் வைத்தான். பன்னிரண்டு மணிக்கு வேன் வந்தது, போனது. அடுத்த ஆர்டர் என்று ஜெனரேட்டர் நாலு மணிவரை ஓடியது. அவள் மாடிக்குப் போய்ப் பழனாயிக்குக் குரல் கொடுத்தாள். பழனாயி சேலையைத் தட்டிக் கம்பியில் போட்டாள். "என்ன சொல்றாங்க தீவுக்காரங்க?" என்றாள். "நல்லா கேக்குதாம்க்கா" என்றாள் ராமுத்தாய்.

தீவுக்குப் போனவர்கள் ஊர் திரும்பி, தாங்கள் பேசியவர்களின் பட்டியலை வெளியிட்டார்கள். ராஜபாண்டி செல்போனை அவளிடம் நீட்டினான். அவள்தான் ஆறு எழுத்தையும் அடித்துத் தேடினாள். இல்லை. ஒருவேளை தப்பாக அடித்தோமோ என்று இன்னொரு தரம் அடித்தாள். செல்போனை வாங்கிப் பார்க்காமலே அவன் கட்டிலில் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் செக்கிங் மேஜையில் டி-ஷர்ட்டுகள் குவிந்துகிடந்தன. பிசிறு வெட்டும் டிரிம்மரை வைத்துவிட்டு ராமுத்தாய் ஒரு பீஸை விரித்தாள். தையலைத் தடவிப் பார்க்க வேண்டிய விரல் துணியின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. ஆறு எழுத்து, ஓர் எண், ஒரு நன்றி. பிசிறில்லாமல் வந்தது.

"என்னக்கா, தாளம் போடற?" என்றாள் எதிரே நின்று துணி மடித்துக்கொண்டிருந்த கீர்த்தனா.

"கை மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு ராமுத்தாய் அடுத்த பீஸை எடுத்தாள்.