ஐஸ் பெட்டியில் வைத்த மெஷின்

சிவந்தி போராடி வாங்கியவற்றைச் சொல்ல வேண்டுமானால் முதலில் உயிரைச் சொல்ல வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏழு வயது. மிதந்து வந்த நீல டிரம் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ரேஷன் கடைச் சுவரில் போய் முட்டி நின்றாள். அடுத்தது வீடு. தகரக் கொட்டகையில் பல வருடம் வெந்த பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் கிடைத்தது. அதற்கடுத்தது எழுத்து. அதைப் பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை. கடைசியாக, பெண்கள் துடைப்பத்தோடு மட்டுமே நுழைந்த கண்டெய்னர் யார்டில், கையில் துடைப்பம் இல்லாத ஒரு வேலை.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று மட்டும் அவளுக்கு வரவில்லை. இருபத்தேழு வயதிலும் சம்பளப் புத்தகத்தில் கட்டைவிரலைத்தான் உருட்டினாள்.

அவளுடைய அக்கா நீலா எட்டாவது வரை படித்தவள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். வஞ்சிரமோ மத்தியோ, எத்தனை மணிக்கு ஐஸில் வைத்தாள், எத்தனை மணிக்கு எடுத்தாள் என்று மனசுக்குள் கணக்கு வைத்திருப்பாள். அம்மாவைக் கடல் கொண்டுபோன பிறகு அப்பா கடலுக்கும் போகவில்லை, எதற்கும் போகவில்லை. நீலா கூடையைத் தூக்கினாள். சிவந்தி பத்து வயதில் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நின்ற டிரெய்லர்களுக்கு நடுவே தண்ணீர் பாக்கெட் விற்கப் போனாள்.

அங்கேதான் அவளுக்கு எழுத்து வந்தது. துறைமுகத்துக்குள் போக டிரெய்லர்கள் நாள் கணக்கில் நிற்கும். ஒவ்வொரு கண்டெய்னர் பெட்டியின் கதவிலும் நாலு இங்கிலீஷ் எழுத்து, ஏழு நம்பர். "அண்ணே, இத்து இன்னா எழுத்து?" என்று டிரைவர்களைக் கேட்டுக் கேட்டே இருபத்தாறையும் பிடித்துவிட்டாள். தமிழில் அவளுக்கு பஸ் போர்டு தெரியும், அவ்வளவுதான். நீலாவுக்கு இதில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. ஆனால் மார்க்கெட்டில் பெருமையை மட்டும்தான் சொல்வாள்.

காலிப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் அந்த யார்டு எர்ணாவூருக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கிறது. சிவந்தி அங்கே பெருக்கத்தான் போனாள். ஒருநாள் ஒரு பெட்டியைக் காணோம் என்று எல்லோரும் அலைந்தபோது, "அது மூணாவது வரிசையில அடியில கீது சார்" என்று நம்பரோடு சொன்னாள். சூப்பர்வைசர் பீம்ராவ் அன்றிலிருந்து அவளை நம்பர் படிக்க வைத்தார். அவள் கத்துவாள், பெட்டிக் கணக்கு பார்க்கும் செக்கர் எழுதிக்கொள்வார்.

இந்த ஐப்பசியில் யார்டுக்கு மெஷின்கள் வந்தன. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டர். நம்பரை அடித்து, வேண்டுமானால் பெட்டியைப் போட்டோவும் எடுத்து, அங்கிருந்தே ஆபீசுக்கு அனுப்பலாம். இனிமேல் படிக்க ஒருவர், எழுத ஒருவர் என்பதெல்லாம் கிடையாது. மெஷின் வைத்திருப்பவர்தான் செக்கர். எட்டு மெஷினில் ஒன்றைப் பீம்ராவ் சனிக்கிழமை சாயங்காலம் சிவந்தியிடம் கொடுத்தார்.

"வூட்டுக்கு எத்துகினு போ. ஆபீஸ்ல எட்டுக்கும் பிளக் இல்ல. சார்ஜ் ஏத்தி, பின் நம்பர் போட்டு, தேதி டைம் செட் பண்ணிகினு திங்கக்கெயம வா. அன்னிக்கி ஒயுங்கா வேல முடிச்சினா, மெஷின வாங்கிகினேன்னு அந்த ஸ்கிரீன்லயே ஒரு கையெயுத்து. செக்கர். மெஷினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால ஒண்ணியும் பண்ண முடியாது, சொல்ட்டேன். மறுபடி தொடப்பம்தான்."

வீட்டில் அக்காவும் தங்கையும் அதைப் பாயின் நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். கூடவே வந்த தமிழ்த் தாளை நீலா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு என்று படித்தாள். பேட்டரியைச் சரியான பக்கம் பார்த்துப் போடவும். முதல் தடவை நாலு மணி நேரம் சார்ஜ் ஏற்றவும். திரையை நகத்தால் அழுத்தக் கூடாது. கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் மெஷினைத் தூக்கக் கூடாது. நீலா ஒவ்வொரு வரியும் முடிந்த பிறகு பென்சிலால் டிக் போட்டாள். பின் நம்பர் என்ற வரி வந்ததும் சிவந்தி மெஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா நம்பர் போட்ட?"

"சொல்லக்கூடாதுக்கா. யாராண்டயும்."

"நான் யாராடி?"

"நீயும் யாராண்டயும்லதான் வர."

நீலாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. டிக் போட்டாள். பிறகு இரவுச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே கேட்டாள்: "அது சரி, கையெயுத்துக்கு இன்னா பண்ணுவ?"

"மொதல்ல மெஷின் உசுரோட திங்கக்கெயம போய்ச் சேரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சிவந்தி பழகினாள். ஜன்னலிலிருந்து தெரியும் டிரெய்லர்களின் நம்பரையெல்லாம் அடித்துப் பார்த்தாள். மூன்று மணிக்கு பேட்டரி இறங்கிவிட்டது. சார்ஜில் போட்டுவிட்டு, தண்ணி லாரி வந்த சத்தம் கேட்டுக் குடத்தோடு கீழே ஓடினாள்.

நீலா மெஷினுக்குக் காவல் இருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். முதலில் வெதுவெதுப்பு. அப்புறம் சூடு. அதற்கப்புறம், ஜுரக்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது. தாளில் ஏழாவது வரியைத் தேடினாள்: அதிகம் சூடானால் சார்ஜரைக் கழற்றவும். கழற்றினாள். ஐந்து நிமிடம் பார்த்தாள். சூடு இறங்கவில்லை.

இருபது வருடமாக மீன் விற்கிறவளுக்கு ஒன்று தெரியும். சூடு ஏறிய பொருளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அரை மணியில் கெட்டுப்போகும். அதற்கு ஒரே வைத்தியம்தான். மூலையில் அவளுடைய தெர்மாகோல் பெட்டி இருந்தது, காலை வியாபாரத்தில் மிஞ்சிய ஐஸ் பாதியோடு. நீலா அவசரப்படவில்லை. மெஷினைத் துணியால் துடைத்தாள். புது பாலிதீன் கவர் இரண்டு எடுத்தாள், ஒன்றுக்குள் ஒன்று, வாயில் ரப்பர் பேண்ட். ஐஸ் மேல் சாக்கு விரித்தாள். சாக்கு மேல் மெஷினை வைத்தாள். ஐஸ் நேராகப் படவில்லை, ஒரு சொட்டும் உள்ளே போக வழியில்லை. மூடியை அழுத்தினாள். கடிகாரம் பார்த்தாள்: நாலு மணி ஆகப் பத்து நிமிடம்.

பத்து நிமிடம் கழித்து எடுத்தாள். கவர் பிரித்தாள். மெஷின் சில்லென்று, காய்ந்து, அழகாக இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஐப்பசிக் காற்று ஜன்னல் வழியாக உப்பும் ஈரமுமாக வந்துகொண்டிருந்தது. நீலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் பனி கட்டியது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். அப்போதுதான் புரிந்தது: பனி கண்ணாடிக்கு உள்பக்கம். கேமரா இருந்த சின்ன வட்டத்துக்குள்ளேயும் பால் மாதிரி படர்ந்திருந்தது. யாரும் தொடாமலே திரையில் நம்பர்கள் தாமாக ஓடின. மூன்று, மூன்று, ஒன்பது, மூன்று.

குடத்தை வாசலில் வைத்த சிவந்தி அக்காவின் முகத்தைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், திறந்து கிடந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

"அக்கா. இன்னா பண்ண?"

"சூடா கீதேன்னு..."

"அதுக்கு? வவ்வாலு மீனா அது, ஐஸ்ல வெக்க?"

நீலா ஐஸ் பெட்டியை மூடினாள். சிவந்தி அதற்குமேல் கத்தவில்லை. அதுதான் நீலாவை அதிகம் பயமுறுத்தியது. சிவந்தி மெஷினை அணைத்தாள். பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆன்சி வந்தாள். அவளுடைய போன் கழிவறையில் விழுந்து பிழைத்த கதை அந்த மாடிக்கே தெரியும்.

"அரிசில பொதச்சி வையி சிவந்தி. இல்லாங்காட்டி அடுப்பாண்ட ரெண்டு நிமிசம் காட்டு. ஆன் பண்ணிப் பாரேன், சரியாக்கூட ஆயிருக்கும்."

"அரிசித் தவுடு உள்ள பூந்துக்கும். அடுப்பு கூடாதுன்னு படம் போட்டுக்கீது பாரு." தாளில் நெருப்புப் படத்தின் மேல் குறுக்குக்கோடு இருந்தது. "அக்கா, ஈரம் பட்டா இன்னா பண்ணணும்னு எயுதிக்கீதா? படி."

நீலாவுக்கு எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்பதாவது வரியைப் படித்தாள். ஈரம் பட்டால் உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் இருபத்து நான்கு மணி நேரம் வைக்கவும். அதற்கு முன்பு இயக்கிப் பார்த்தால் உள்ளே கருகிவிடும்.

மூவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி நாலேகால். நாளை நாலேகாலுக்குத்தான் இருபத்து நான்கு. யார்டில் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு.

"குடுக்கும்போதே இப்டித்தான் இருந்திச்சின்னு சொல்டு," என்றாள் நீலா. தங்கையிடம் பொய் சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எட்டு மெஷின்ல ஒண்ணு கோளாறா இருக்காதா?"

"அப்போ கொண்டாந்து குடுத்த பீம்ராவ் சார் மேல போவும். வோணாம்."

"அப்ப என் பேர சொல்லு."

"சொல்லத்தான் போறேன்," என்றாள் சிவந்தி. அவள் உதட்டோரத்தில் இருந்தது சிரிப்பா என்று நீலாவுக்குத் தெரியவில்லை. மெஷின் ஒரு தட்டில், பேட்டரி ஒரு தட்டில், ஃபேனுக்கு நேராக வைத்தார்கள். பனி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை நீலா மீன் எடுக்கப் போகவில்லை. சிவந்தியின் பின்னாலேயே போய், யார்டு கேட்டுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை உள்ளே போகும்போது, மெஷினை வெள்ளைத் துணியில், பேட்டரியைத் தனியாக, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாள். கேட்டருகே பீம்ராவ் நின்றது தெரிந்தது. சிவந்தி ஏதோ சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி டீக்கடையை ஒரு பார்வை பார்த்தார். நீலா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் எட்டு டீ குடித்தாள். ஒவ்வொரு டிரெய்லர் உள்ளே போகும்போதும் எழுந்து பார்த்தாள். உள்ளே பெட்டிகளின் நடுவே சிவந்தி குனிந்து, நிமிர்ந்து, ஏதோ செய்துகொண்டிருந்தாள். துடைப்பமா, வேறு ஏதாவதா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. மழை ஒரு தரம் வந்து போனது. துணியில் சுற்றியது எங்கே இருக்கிறதோ, நனைகிறதோ என்று நீலா நகத்தைக் கடித்தாள்.

நாலேகாலுக்குக் கொஞ்சம் முன்னால் செக்யூரிட்டி வெளியே வந்து கத்தினார்: "யாருமா அந்த ஐஸ் பெட்டி? சார் கூப்புடுறாரு."

ஆபீஸ் அறையில் மேசை மேல் மெஷின் துணியோடு இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் வரிசையாக நம்பர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாலு இங்கிலீஷ் எழுத்து. பெட்டிக் கதவில் பெயின்ட் அடித்திருக்கிற மாதிரியே சதுரம் சதுரமாக.

"யாரு எயுதுனது?" என்றாள் நீலா.

"உன் தங்கச்சிதான். மெஷின் இல்லன்னா இன்னான்னு நோட்டு கேட்டு வாங்கிகினா. அம்பத்தாறு பொட்டி. நான் எல்லாத்தயும் செக் பண்ணேன், ஒண்ணுகூடத் தப்பு இல்ல." பீம்ராவ் குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா மெஷின் எந்திரிக்கலன்னா இதெல்லாம் செல்லாது. மேல கேப்பாங்க. ஏம்மா, மீனுக்குத்தான் ஐஸு. எதுக்கெடுத்தாலும் ஐஸா?"

"தப்புதான் சார்."

"இன்னும் நாலு நிமிசம் கீது," என்றாள் சிவந்தி. அந்த நாலு நிமிடத்தையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு பேட்டரியைப் போட்டாள், மூடினாள், பட்டையை மணிக்கட்டில் மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. நீலா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. பனி இல்லை. கேமரா வட்டம் சுத்தமாக இருந்தது. சிவந்தி உடம்பால் மறைத்துக்கொண்டு பின் நம்பர் போட்டாள். பீம்ராவ் எட்டிப் பார்த்தார்.

"அய்யய்யோ, தேதி பாரு! ஒம்பது வருசம் பின்னால காட்டுது. போச்சா?"

"பேட்டரி கயட்டுனதால சார். சனிக்கெயம போட்ட மாதிரியே போட்டுட்டா போதும்." போட்டாள். நாள், மாதம், வருடம், மணி. ஒவ்வொன்றையும் சுவர்க்காலண்டரோடும் கடிகாரத்தோடும் ஒத்துப் பார்த்தாள். அப்புறம் நோட்டைத் திறந்து ஐம்பத்தாறு நம்பரையும் அடித்தாள். முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. நீலா நின்றபடியே எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது.

"ரேகயெல்லாம் இது எடுக்காதுமா," என்றார் பீம்ராவ்.

"தெரியும் சார்."

சிவந்தி நகம் படாமல், விரல் நுனியால் எழுதினாள். எண்ணூர் சாலையில் டிரைவர்களிடம் கேட்டு வாங்கிய எழுத்துகளிலிருந்து எட்டை எடுத்து, பெட்டிக் கதவில் போலவே, ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக நிறுத்தினாள். ஏழாவது எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்தது. அதைத் திருத்தப் போனவள் விட்டுவிட்டாள். நீலா அந்த எட்டு எழுத்தையும் வாய்க்குள் கூட்டிப் படித்தாள். தங்கையின் பெயர்தான்.

கட்டத்துக்குக் கீழே, அவளே சரிசெய்து வைத்த தேதியை மெஷின் தானாகப் போட்டுக்கொண்டது: 2024 நவம்பர் 11.